ஜான் மியூரும் ஒரு சங்கத்தின் வாக்கெடுப்பும்

அமெரிக்காவின் மிகப் பழைய இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளில் ஒன்றான சியரா கிளப்பின் சான் பிரான்சிஸ்கோ உள்ளூர்க் குழுவுக்கு 2015-ஆம் ஆண்டின் இறுதியில் நிர்வாகிகள் தேர்தல் நடைபெற்றது. இத்தகைய தேர்தல்கள் பொதுவாகச் செய்தியாவதில்லை. மலையேற்றங்களுக்கு ஏற்பாடு செய்பவர்களும் அரசுக்கு மனு எழுதிச் சலிக்காதவர்களுமாகிய சிலர் போட்டியிடுவார்கள், உறுப்பினர்களில் ஒரு சிறு பகுதியினர் வாக்களிப்பார்கள், அத்துடன் முடிந்தது. அவ்வாண்டு மட்டும் அது செய்தியானது. நகருக்குள் அடுக்குமாடிக் குடியிருப்புகளைத் தாராளமாகக் கட்ட அனுமதிக்க வேண்டும் என்று வாதிட்ட இளைஞர்கள் உறுப்பினர்களாகச் சேர்ந்து, தங்கள் தரப்பு வேட்பாளர்களைக் களமிறக்கினார்கள். வாக்குகள் எண்ணப்பட்டபோது பழைய அணியே நிலைத்தது.

கருத்து வேறுபாடு அதனால் தீர்ந்துவிடவில்லை. நகரின் நடுவே, ரயில் நிலையங்களின் அருகே வீடுகள் பெருகினால் மக்கள் நெடுந்தொலைவு கார் ஓட்டி வர வேண்டியிராது, விளைநிலமும் குன்றும் மனைகளாகாது, ஆகவே வீடு கட்டுவதே சூழல் காப்பு என்பது ஒரு தரப்பின் வாதம். வீடு என்ற பெயரால் எழுவன செல்வந்தர்களுக்கான மாடங்களே, சுற்றுச்சூழல் ஆய்விலிருந்து கட்டுமான நிறுவனங்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டு, குறைந்த வாடகையில் குடியிருப்போரை வெளியேற்றுவதற்கு இயற்கையின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது மறுதரப்பின் வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் சண்டை கடுமையாக இருந்தது.

அச்செய்திகளைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது அதே அமைப்பு, அதே நகரை முன்னிட்டு, 1910-ஆம் ஆண்டு ஜனவரியில் நடத்திய இன்னொரு வாக்கெடுப்பு. அப்போது அதன் தலைவராக இருந்தவர் ஜான் மியூர். காடுகளின் காவலர், தேசியப் பூங்காக்களின் தந்தை என்றெல்லாம் போற்றப்படும் அவரை நாம் பெரும்பாலும் பனிமலையின் மீது தனித்து நிற்கும் தாடி வைத்த முனிவராகவே கற்பனை செய்துகொள்கிறோம். ஒரு சங்கத்தின் தலைவராக, தன் உறுப்பினர்களிடமே வாக்குக் கேட்டு நின்ற மியூரை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அந்த மியூரே எனக்கு அதிகம் பயன்படுபவர்.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் உள்ள டன்பார் எனும் சிற்றூரில் 1838 ஏப்ரல் 21 அன்று அவர் பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் மூன்றாமவர். தந்தை டேனியல் மியூர் தானிய வணிகர். சமயப் பற்று முற்றிக் கடுமையாக இறுகிப்போன மனிதர். மகன் விவிலியத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். தவறினால் அடி விழும். பதினொரு வயதுக்குள் புதிய ஏற்பாடு முழுவதும், பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியும் அச்சிறுவனுக்கு மனப்பாடமாகியிருந்தன. பிற்காலத்தில் அவர் மலைகளைப் பற்றி எழுதிய நடையில் கோவில் மொழியின் ஓசை கேட்பதற்கு இந்த அடிகளே காரணம் என்று நான் கருதுவதுண்டு. அடித்துப் புகட்டிய நூல் ஆள்மாறி இன்னொரு வழிபாட்டுக்குப் பயன்பட்டது.

1849-இல் குடும்பம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. காட்டைத் திருத்திக் கழனியாக்கும் வேலையில் சிறுவன் ஜான் முழு ஆளாக உழைத்தான். இரண்டாவது பண்ணையில் தண்ணீருக்காக மணற்பாறையில் தொண்ணூறு அடி ஆழக் கிணறு வெட்ட வேண்டியிருந்தது. வெடிமருந்து பயன்படவில்லை, உளியும் சுத்தியலும்தான். காலையில் அவரை வாளியில் இறக்கி, நண்பகலில் ஏற்றி, மீண்டும் இறக்குவார்கள். ஒருநாள் அடியில் தேங்கியிருந்த நச்சுக் காற்றில் மயங்கி, உயிர்போகும் நிலையில் மேலே இழுக்கப்பட்டார். ஓரிரு நாள்கள் கழித்து மீண்டும் உள்ளே இறக்கப்பட்டார். தண்ணீரின் அருமையை அறியாத மலைவாசி என்று பின்னாளில் அவரைப் பழித்தவர்களுக்கு இக்கதை தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இயந்திரங்கள் செய்வதில் அவருக்கு அபாரத் திறமை. மரத்தாலேயே கடிகாரங்கள் செய்தார். குறித்த நேரத்தில் படுத்திருப்பவரைக் கட்டிலோடு சாய்த்து எழுப்பிவிடும் கருவியும் செய்தார். 1860-இல் மாடிசன் நகரப் பொருட்காட்சியில் இவற்றைக் கண்டு மக்கள் வியந்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் பயின்று, பட்டம் பெறாமலே வெளியேறினார். உள்நாட்டுப் போர்க்காலத்தில் கனடாவில் சில காலம் கழித்தார். பின்னர் இண்டியானாபோலிஸ் நகரில் வண்டிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அங்கேயே இருந்திருந்தால் செல்வம் கொழித்த ஆலை முதலாளியாக அவர் முடிந்திருக்கக்கூடும். 1867 மார்ச் மாதம், கையிலிருந்த அரம் நழுவி வலது கண்ணில் பாய்ந்தது. சிறிது நேரத்தில் மறு கண்ணும் ஒளியிழந்தது. இருட்டறையில் வாரக்கணக்கில் கிடந்தார். பார்வை திரும்பியபோது ஆலையைத் துறந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் மெக்ஸிகோ வளைகுடாவை நோக்கி ஆயிரம் மைல் நடந்தார். புளோரிடாவில் மலேரியா தாக்கியது. கியூபா, நியூயார்க், பனாமா வழியாக 1868 மார்ச் மாதம் சான் பிரான்சிஸ்கோவில் வந்து இறங்கினார். அந்த நகரில் அவர் தங்க விரும்பவில்லை. இறங்கிய சூட்டோடு யோசெமிட்டி பள்ளத்தாக்கை நோக்கி நடக்கலானார்.

அடுத்த சில ஆண்டுகளை அவருடைய வாழ்வின் பொற்காலம் என்பார்கள். 1869 கோடையில் ஆட்டு மந்தையோடு உயர்மலைப் புல்வெளிகளுக்குச் சென்றார். ஆடுகள் அப்புல்வெளிகளை எப்படி வெறுந்தரையாக்குகின்றன என்பதையும் அப்போதே கண்டார். மறு ஆண்டுகளில் பள்ளத்தாக்கில் ஒரு விடுதி உரிமையாளருக்காக நீர்விசையில் இயங்கும் மரம் அறுக்கும் ஆலை ஒன்றை அமைத்து நடத்தினார். புயலில் தாமாக விழுந்த மரங்களையே அறுத்தார் என்றாலும், பள்ளத்தாக்கில் வீடு கட்டப் பலகை அறுத்துக் கொடுத்தவர் அவர் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தமக்கென ஓடைக் கரையில் ஒரு குடிலும் கட்டிக்கொண்டார். ஓடையின் ஒரு கிளை அறைக்குள்ளேயே ஓடியது. மனிதன் வீடு கட்டுவதையே வெறுத்தவர் அல்லர் அவர்.

யோசெமிட்டி பள்ளத்தாக்கு நிலம் திடீரென உள்ளமிழ்ந்ததால் உண்டானது என்று மாநில நிலவியலாளர் ஜோசையா விட்னி நிறுவியிருந்தார். பனிப்பாறைகள் அரைத்துச் செதுக்கியது அது என்றார் மியூர். வெறும் ஆடு மேய்ப்பவனின் பேச்சென்று விட்னி அதைப் புறந்தள்ளினார். மியூர் சியரா மலைத்தொடரில் உயிரோடிருக்கும் பனிப்பாறைகளைக் கண்டுபிடித்துக் காட்டினார். பனியின் பங்கை அவர் சற்று மிகைப்படுத்தினார் என்பது இன்றைய கணிப்பு. ஆனால் அடிப்படையில் அவர் சொன்னதே சரி. 1871-இல் யோசெமிட்டிக்கு வந்த எமர்சன் அவரைச் சந்தித்தார். அதே ஆண்டு மியூரின் முதல் கட்டுரை நியூயார்க் நாளிதழ் ஒன்றில் வெளியானது.

1880-இல் லூயி ஸ்ட்ரென்ட்சலை மணந்தார். பேராசிரியர் ஒருவரின் மனைவியும் மியூரின் வழிகாட்டியுமான ஜீன் கார் அம்மையார்தான் இருவரையும் அறிமுகப்படுத்தியவர். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடகிழக்கே மார்ட்டினெஸ் என்ற ஊரில் லூயியின் தந்தைக்குப் பெரும் பழத்தோட்டம் இருந்தது. மியூர் பத்தாண்டுகள் உழவராக வாழ்ந்தார், திராட்சையும் பேரிக்காயும் விளைவித்து நன்கு சம்பாதித்தார், வாண்டா, ஹெலன் என்ற இரு பெண்களுக்குத் தந்தையானார், உடல் நலிந்தார். அவரை மலைக்கும் எழுத்துக்கும் திருப்பியனுப்பியவர் லூயிதான். தோட்டத்தின் சில பகுதிகளை விற்றும் குத்தகைக்கு விட்டும் கணவரின் சுமையை அவர் குறைத்தார். வரலாறு இத்தகைய மனைவியரை ஒரு வரியில் கடந்துவிடுகிறது. நானும் கடக்கிறேன், கட்டுரையின் பொருள் வேறு.

1889-இல் இதழாசிரியர் ராபர்ட் அண்டர்வுட் ஜான்சன் யோசெமிட்டிக்கு வந்தார். இருவரும் மேட்டுப் புல்வெளியில் தீமூட்டி அமர்ந்து திட்டமிட்டதன் விளைவாக, மியூர் கட்டுரைகள் எழுத, ஜான்சன் வாஷிங்டனில் ஆள் பிடிக்க, 1890-இல் யோசெமிட்டியைச் சுற்றியுள்ள மலைப்பகுதி தேசியப் பூங்காவானது. பூங்காவைப் பெறுவது எளிது, காப்பது கடினம் என்பது உடனே புலப்பட்டது. அதற்கு ஓர் அமைப்பு வேண்டும். பெர்க்லி, ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள் சிலரும், நகர வழக்குரைஞர்களும் சேர்ந்து 1892-இல் சியரா கிளப்பை நிறுவினார்கள். தொடக்க உறுப்பினர்கள் 182 பேர். அமைப்பின் பத்திரங்கள் வாரன் ஓல்னி என்ற வழக்குரைஞரின் சான் பிரான்சிஸ்கோ அலுவலகத்தில் கையெழுத்தாயின. மியூர் தலைவரானார், இறக்கும் வரை அவரே தலைவர். கூட்டத்தையும் மேடையையும் விரும்பாத அவர் இருபத்திரண்டு ஆண்டுகள் அப்பதவியில் இருந்தது வியப்புதான்.

சங்கத்தின் நோக்கங்களில் மலைகளைக் காப்பது ஒன்று. அங்கே மக்கள் சென்று வர வழிசெய்வது மற்றொன்று. பின்னாளில் சண்டை மூண்டபோது எந்த நோக்கம் முதன்மையானது என்ற கேள்வியும் எழத்தான் செய்தது.

1903 மே மாதம் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் மியூருடன் யோசெமிட்டியில் மூன்று இரவுகள் திறந்தவெளியில் தங்கினார். இதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அதைவிட எனக்குச் சுவையாகத் தோன்றுவது அடுத்த ஈராண்டில் மியூரும் சங்கத்தின் செயலாளர் வில்லியம் கோல்பியும் மாநிலத் தலைநகரில் உறுப்பினர் உறுப்பினராகச் சந்தித்து ஆதரவு திரட்டியதுதான். யோசெமிட்டி பள்ளத்தாக்கு அப்போது மாநில அரசின் கையில் சீரழிந்துகொண்டிருந்தது; அதை மத்திய அரசிடம் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். ரயில்வே பெருமுதலாளி ஹாரிமனின் செல்வாக்கைக் கேட்டுப் பெறவும் மியூர் தயங்கவில்லை. 1905-இல் சட்டமன்றம் இசைந்தது. மறு ஆண்டு நாடாளுமன்றம் ஏற்றது. முனிவர் அரசியல் கற்றுக்கொண்டார். அதே 1905-இல் லூயி காலமானார்.

1906 ஏப்ரல் 18 அதிகாலையில் சான் பிரான்சிஸ்கோவை நிலநடுக்கம் குலுக்கியது. அதைத் தொடர்ந்த தீ பல நாள்கள் எரிந்தது. ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர். சுமார் நான்கு லட்சம் மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். பூங்காக்களில் கூடாரங்கள் முளைத்தன. பின்னர் கூடாரங்களின் இடத்தில் 5,600-க்கும் மேற்பட்ட சிறு மரவீடுகள் வரிசை வரிசையாகக் கட்டப்பட்டன. மார்ட்டினெஸில் மியூரின் வீட்டுப் புகைபோக்கிகளும் இடிந்தன. அவர் அதற்குப் பதிலாகப் பெரிய கணப்பு ஒன்றைக் கட்டிக்கொண்டார்.

நகரம் மீண்டும் எழ வேண்டும். வீடுகள் வேண்டும், வீடுகளுக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் வழங்கிவந்தது ஒரு தனியார் நிறுவனம். அதன் விலையையும் அரசியல் செல்வாக்கையும் மக்கள் நெடுநாளாக வெறுத்துவந்தனர். தீயின்போது குழாய்களில் தண்ணீர் வரவில்லை என்ற கோபம் வேறு. உண்மையில் நகருக்கடியில் குழாய்கள் உடைந்ததே அதற்குக் காரணம். தொலைவில் எத்தனை பெரிய நீர்த்தேக்கம் இருந்திருந்தாலும் அன்று பயன்பட்டிராது. ஆனால் சாம்பலின் நடுவே நிற்பவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியுமா?

நகர மேயராக இருந்த ஜேம்ஸ் ஃபீலன் 1901-இலேயே ஓர் இடத்தைக் குறிவைத்திருந்தார். யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள், டுவாலமி ஆறு பாயும் ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கு அது. செங்குத்தான கருங்கல் சுவர்கள், இரு அருவிகள், நடுவே பசும்புல்வெளி. யோசெமிட்டியின் தங்கை என்று சொல்லத்தக்கது. குறுகிய வாய், அணை கட்ட இதைவிட வசதியான இடம் கிடைப்பது அரிது. 1903-இல் உள்துறை அமைச்சர் மறுத்துவிட்டார். நிலநடுக்கத்துக்குப் பின் காற்று திசைமாறியது. 1908 மே மாதம் புதிய அமைச்சர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு அனுமதி வழங்கினார். காட்டுவளத் துறையின் தலைவரும் ஒருகாலத்தில் மியூரின் நண்பருமான கிஃபோர்டு பின்சோட், அணைக்கு ஆதரவாக நின்றார். மிகப் பலருக்கு நெடுங்காலம் மிகப் பெரும் பயன் என்பது அவர் கொள்கை.

மியூர் எதிர்த்தார். சங்கம் முழுவதும் அவர் பின்னால் நின்றிருக்கும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அப்படி நடக்கவில்லை. சங்கத்தின் உறுப்பினர்களில் பெரும்பாலோர் அந்த நகரிலும் வளைகுடாவைச் சுற்றியும் வாழ்ந்தவர்கள். எரிந்தது அவர்கள் தெரு. கூடாரத்தில் கிடந்தவர்கள் அவர்கள் உறவினர். கோடையில் மலைக்குச் சென்று திரும்பும் அதே மனிதர்கள் குளிர்காலத்தில் நகரின் தண்ணீர்க் கட்டணச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கவலைப்பட்டார்கள். யாருடைய அலுவலகத்தில் சங்கம் பிறந்ததோ அந்த வாரன் ஓல்னியே அணையின் பக்கம் நின்றார்.

ஓல்னியைத் துரோகி என்று எழுதுவது எளிது. சில வாழ்க்கை வரலாறுகள் ஏறக்குறைய அப்படித்தான் எழுதுகின்றன. எனக்கு உடன்பாடில்லை. உள்நாட்டுப் போரில் போரிட்டவர். சியரா மலைகளை உண்மையாகவே நேசித்தவர். 1903 முதல் 1905 வரை ஓக்லாந்து நகரின் மேயராக இருந்து, தண்ணீர் நிறுவனத்தின் பிடியிலிருந்து அந்நகரை விடுவிக்கப் போராடியவர். தனியார் ஏகபோகத்திலிருந்து பொதுமக்கள் கைக்குத் தண்ணீர் வருவதும் ஓர் அறம்தானே? ஒரு பள்ளத்தாக்கை ஏரியாக்குவதால் மலையே அழிந்துவிடாது என்று அவர் நம்பினார். மியூரின் வாதம் வேறு தளத்தில் நின்றது. நாட்டு மக்கள் அனைவருக்கும் என்று ஒதுக்கிவைத்த பூங்காவிலிருந்து ஒரு நகரம் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்றால், பிறகு எந்தப் பூங்காவுக்கும் பாதுகாப்பில்லை; தண்ணீருக்கு வேறு ஆறுகளும் உள்ளன. இதில் மியூர் பக்கமே நியாயம் கனமாக இருந்தது என்பது என் கருத்து. 1913-இல் ராணுவப் பொறியாளர்கள் குழு ஆராய்ந்து சொன்னதும் அதுதான்: வேறு நீராதாரங்களால் நகரின் தேவையை நிறைவேற்ற முடியும், ஆனால் ஹெட்ச் ஹெட்சி ஏறத்தாழ இரண்டு கோடி டாலர் மலிவு.

சங்கம் பிளந்து நின்றது. சங்கத்தின் பெயரால் மியூரும் கோல்பியும் துண்டறிக்கை வெளியிட்டால், சங்கத்தின் பெயரில் பேச உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது என்று உள்ளிருந்தே கேள்வி வந்தது. மியூர் அப்போது செய்த காரியம் கவனிக்கத்தக்கது. 1909-இல் தேசியப் பூங்காக்கள் பாதுகாப்புக்கென்று தனிச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, அணை எதிர்ப்புப் பிரசாரத்தை அதன் பெயரில் நடத்தலானார். எதிர்க்கருத்துள்ள உறுப்பினர்களின் சந்தாப் பணமும் பெயரும் அவர்களுக்கு ஒவ்வாத பிரசாரத்துக்குப் பயன்படாதபடி பார்த்துக்கொண்டார். அவர்களை வெளியேற்ற முயலவில்லை. தம் புகழைக் கொண்டு அடக்கவும் முயலவில்லை.

பின்னர் கேள்வி உறுப்பினர்களிடமே விடப்பட்டது. 1910 ஜனவரி இறுதியில் வாக்குகள் எண்ணப்பட்டன. பள்ளத்தாக்கைக் காக்க வேண்டும் என்றவர்கள் 589 பேர். அணை கட்டலாம் என்றவர்கள் 161 பேர். அதே ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்கள் நீர்த்திட்டத்துக்காக நாலரைக் கோடி டாலர் கடன் பத்திரங்களுக்குப் பெருவாரியாக ஒப்புதல் அளித்தார்கள். ஒரு மாதத்தில் இரண்டு வாக்கெடுப்புகள். ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு தீர்ப்புகள். இரண்டிலும் வாக்களித்தவர்களும் சிலர் இருந்திருப்பார்கள்.

ஓல்னி சங்கத்திலிருந்து விலகினார். தாம் நிறுவிய அமைப்பில் தாம் சிறுபான்மை என்று எண்ணிக்கையில் தெரிந்தபின் ஒரு மனிதன் செய்யக்கூடியது அது. ஆயினும் அவர் தங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நகரத்தின் குரல் சங்கத்துக்குள் ஒலிப்பது குறைந்தது. அந்த இடைவெளியின் நிழல் நூறாண்டு கழித்து வீட்டுப் பிரச்சினையில் விழுந்ததோ என்னவோ.

மியூர் பிறந்த அதே 1838-இல் இங்கிலாந்தில் ஆக்டேவியா ஹில் என்ற பெண்மணி பிறந்தார். லண்டன் ஏழைகளுக்கு ஒழுங்கான வாடகை வீடுகள் அமைத்து நிர்வகிப்பதே அவர் வாழ்நாள் வேலை. அதே அம்மையார்தான் நகரைச் சுற்றியுள்ள திறந்த வெளிகளை மனை வணிகர்களிடமிருந்து காக்கப் போராடி, 1895-இல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவரானார். வீடும் வெளியும் ஒரே மனத்தில் சண்டையின்றிக் குடியிருந்ததற்கு அவர் சான்று. மியூருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. நகரத்தை அவர் கடைசிவரை புரிந்துகொள்ள முயலவில்லை. வீடிழந்தவர்களின் துயரைப் பற்றி அவர் எழுதியது குறைவு. பள்ளத்தாக்கின் துயரைப் பற்றி எழுதியது மிகுதி.

அவருடைய குறை அது ஒன்று மட்டுமன்று. மனிதக் கறை படியாத தூய வெளி என்று அவர் போற்றிய யோசெமிட்டியில் அவாநீச்சி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்தவர்கள்; 1851-இல் ஆயுதப் படை அவர்களைத் துரத்தியது. ஹெட்ச் ஹெட்சி என்பதே மீவோக் மக்களின் சொல். அந்தப் பூர்வகுடிகளைப் பற்றி இளம் மியூர் இழிவாக எழுதிய இடங்கள் உண்டு. அலாஸ்காவில் பழங்குடியினரோடு பயணம் செய்தபின் அவர் பார்வை ஓரளவு மாறியது. 2020-இல் சியரா கிளப்பின் தலைமையே தன் நிறுவனரின் இந்தப் பக்கத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. வீடுகளை அகற்றிய இடத்தைத்தான் காடு என்று கொண்டாடினோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே அவர் வாழ்வைப் படிக்க வேண்டியிருக்கிறது.

வாக்கெடுப்பில் வென்ற மியூர் போரில் தோற்றார். எழுபத்து மூன்று வயதில் அமேசானையும் ஆப்பிரிக்காவையும் பார்த்துவிட்டு 1912-இல் திரும்பியபோது நிலைமை முற்றியிருந்தது. நாடெங்கும் மகளிர் சங்கங்களும் செய்தித்தாள்களும் பள்ளத்தாக்குக்காகக் குரல்கொடுத்தன. உட்ரோ வில்சன் ஆட்சிக்கு வந்ததும், நகரின் முன்னாள் வழக்குரைஞரான ஃபிராங்க்ளின் லேன் உள்துறை அமைச்சரானார். ரேக்கர் மசோதா 1913 செப்டம்பரில் கீழவையில் 183-க்கு 43 என்றும், டிசம்பர் 6 அன்று மேலவையில் 43-க்கு 25 என்றும் நிறைவேறியது. டிசம்பர் 19 அன்று வில்சன் கையெழுத்திட்டார். ஓராண்டு கழித்து, 1914 டிசம்பர் 24 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவமனையில் நிமோனியாவால் மியூர் இறந்தார். அவரை மனத்துயர் கொன்றது என்பார்கள். எழுபத்தாறு வயதில் குளிர்காய்ச்சலும் கொல்லும். ஆனால் அந்த ஓராண்டில் அவர் நொந்திருந்தார் என்பதில் ஐயமில்லை.

தோல்வியின் பயனும் சிறிது உண்டு. பூங்காக்களைக் காக்கத் தனித்துறையே வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்று, 1916-இல் தேசியப் பூங்காத் துறை உருவானது. சியரா கிளப்பும் சிதறவில்லை. வளைகுடாப் பகுதிக் கிளை 1924-இல் தொடங்கியது. சண்டையை வாக்குச்சீட்டால் தீர்க்கும் பழக்கமும் தொடர்ந்தது. 1969-இல் அணுமின் நிலைய விவகாரத்தை ஒட்டி நடந்த தேர்தலில் டேவிட் பிரவர் என்ற பெருந்தலைவரின் அணி தோற்று, அவர் பதவி விலகினார். 2004-இல் குடியேற்றக் கட்டுப்பாட்டை முன்வைத்து நின்றவர்கள் தோற்றனர்.

வீட்டுப் பிரச்சினையில் என் சார்பை மறைக்க விரும்பவில்லை. ஏற்கெனவே தெருவும் ரயிலும் கழிவுநீர்க் குழாயும் உள்ள இடத்தில் நான்கு மாடி எழும்புவது, நாற்பது மைலுக்கு அப்பால் தோப்பை அழித்து மனை போடுவதைவிடக் காட்டுக்கு நல்லது என்றே கருதுகிறேன். சியரா கிளப்பின் நாடளாவிய கொள்கையும் நகருக்குள் நெருங்கிக் கட்டுவதை ஆதரிப்பதுதான். உள்ளூரில் குறிப்பிட்ட கட்டடம், குறிப்பிட்ட சட்டம் என்று வரும்போதே தகராறு. 2018-இல் ரயில், பேருந்து நிலையங்களின் அருகே உயரக் கட்ட அனுமதிக்கும் மாநில மசோதா ஒன்றை அதன் கலிஃபோர்னியா அமைப்பு எதிர்த்தது. அது தவறான முடிவு என்பேன். அதே வேளையில், தேர்தலுக்கு முன் புதிதாகச் சேர்ந்தவர்களைப் பார்த்து நீங்கள் அந்நியர் என்று சொன்னவர்களின் அச்சத்தையும் கேலி செய்ய மாட்டேன். காசு கொடுத்து உறுப்பினராகி ஓர் அமைப்பைக் கைப்பற்ற எண்ணுபவர்கள் வேறு நோக்கங்களோடும் வரலாம். 2004-இல் அந்த அச்சம் இருந்தது. மியூரோ ஓல்னியோ இன்று எந்த அணியில் நிற்பார் என்ற ஊகத்தில் எனக்கு ஆர்வமில்லை. இருவரும் ஒரே சங்கத்தில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மார்ட்டினெஸில் மியூரின் வீடு 1964 முதல் தேசிய வரலாற்றுச் சின்னம். அவர் உழுத தோட்டத்தின் ஒரு சிறு பகுதியில் இன்னும் பழமரங்கள் நிற்கின்றன. சுற்றிலும் புறநகர் வீடுகள், பக்கத்திலேயே நெடுஞ்சாலை.

ஹெட்ச் ஹெட்சி அணை 1923-இல் முடிந்தது. மலையிலிருந்து நகருக்குக் குழாயும் சுரங்கமும் அமைக்க மேலும் பதினொரு ஆண்டுகள் பிடித்தன. 1934 அக்டோபர் இறுதியில் தண்ணீர் வந்து சேர்ந்தபோது, அணைக்குத் தன் பெயரைத் தந்த நகரப் பொறியாளர் மைக்கேல் ஓஷாக்னசி இறந்து இரண்டு வாரங்களே ஆகியிருந்தன. இன்று அந்நீர்த்திட்டத்தை நம்பி வளைகுடாப் பகுதியில் 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். 2012 நவம்பரில், அணையின் நீரை வடித்துப் பள்ளத்தாக்கை மீட்க வழியுண்டா என்று ஆராய்வதற்கேனும் ஒரு திட்டம் வகுக்கலாமா என்று சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்களிடம் கேட்கப்பட்டது. நூற்றுக்கு எழுபத்தேழு பேர் வேண்டாம் என்றார்கள். 1910-இல் அணை வேண்டாம் என்ற சங்க உறுப்பினர்களின் விகிதமும் ஏறத்தாழ அதுவேதான்.